நான்கு மாவட்டத்துக்கு ஒரு குறைதீர்ப்பாளரா?

பாப்பாரப்பட்டியிலிருந்து தருமபுரிக்கும் பென்னாகரத்துக்கும் கல்லூரி படிக்கப் போகும் மாணவர்களில் பலர் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறார்கள். பல்கலைக்கழகம் இருப்பது சேலத்தில். சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நான்கு மாவட்டக் கல்லூரிகள் அதற்குக் கட்டுப்பட்டவை. கல்லூரி அசல் சான்றிதழைத் தர மறுத்தால், உதவித்தொகை கைக்கு வராவிட்டால், ஒரு மாணவி யாரிடம் முறையிடுவது?

பல்கலைக்கழக மானியக் குழு 2023 ஏப்ரலில் வெளியிட்ட விதிமுறைகள் இதற்கு வழி சொல்கின்றன. முதலில் கல்லூரியின் குறைதீர்ப்புக் குழு. அது 15 வேலை நாட்களில் அறிக்கை தர வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு; அவர் 30 நாட்களுக்குள் தீர்வு காண முயல வேண்டும். ஓய்வுபெற்ற துணைவேந்தர், பேராசிரியர், முன்னாள் மாவட்ட நீதிபதி போன்றோர் இப்பதவிக்கு உரியவர்கள்.

இந்த இரண்டாம் படி கட்டாயம் தேவை. குழுவில் இருப்பவர்கள் எல்லாரும் பேராசிரியர்கள். மாணவப் பிரதிநிதி வெறும் சிறப்பு அழைப்பாளர். இன்டர்னல் மார்க் போடும் ஆசிரியரைப் பற்றி, அவரோடு தினமும் ஒரே அறையில் உட்காருபவர்களிடமே புகார் சொல்ல எந்தப் பிள்ளைக்குத் துணிவு வரும்? முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்தவள் வாய் திறக்காமல் டிகிரியை முடித்துவிட்டுப் போகத்தான் பார்ப்பாள். கலெக்டரிடம் திங்கட்கிழமை மனு கொடுக்கலாமே என்பார்கள். அந்த மனுவும் விளக்கம் கேட்டுக் கல்லூரிக்குத்தான் திரும்பி வரும்.

ஆனால் குறைதீர்ப்பாளரை நியமிப்பதும் அவருக்குப் படி கொடுப்பதும் பல்கலைக்கழகமே. தேர்வு முடிவு தாமதம், சான்றிதழ் தாமதம் என்று புகார் அந்தப் பல்கலைக்கழகத்தின் மீதே இருந்தால்? பொய்ப் புகார் என்று கருதினால் மாணவர்மீது நடவடிக்கைக்கு அவர் பரிந்துரைக்கலாம் என்ற விதியும் பயந்தவர்களை மேலும் பயமுறுத்துகிறது. நியமனமே பல இடங்களில் நடக்கவில்லை: குறைதீர்ப்பாளர் இல்லாத 157 பல்கலைக்கழகங்களின் பட்டியலை மானியக் குழு 2024 ஜூனில் வெளியிட்டது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அடிப்படையில் தனி அமைப்பு ஒன்று மாணவர் புகார்களை விசாரிக்கிறது. செலவைப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஏற்கின்றன; தன்னை விசாரிப்பவரை எந்தப் பல்கலைக்கழகமும் தானே தேர்ந்தெடுப்பதில்லை. நூறு நாள் வேலைக்கே மாவட்டந்தோறும் குறைதீர்ப்பாளர் வேண்டும் என்று ஏற்பாடு செய்த நாடு இது. ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்டவரை நியமிக்க இப்போதைய விதியே இடம் தருகிறது. ஆகவே தருமபுரிக்கென ஒருவரை, பல்கலைக்கழகத்தின் கை படாமல், மாநில அரசு தேர்ந்தெடுக்கட்டும். மாதம் ஒரு நாளாவது அவர் இந்த மாவட்டத்தில் உட்கார்ந்து பிள்ளைகளின் புகாரைக் கேட்கட்டும்.