காவல்மரமும் கல்லறைத் தோப்பும்: ‘தி வேலி ஆஃப் தி ஜயன்ட்ஸ்’ (1919) பேசாப்படம் குறித்து ஒரு நோக்கு

பகைவனது காவல்மரத்தை வெட்டி வீழ்த்துதல் சங்ககாலப் போர்மரபுகளுள் ஒன்று. மோகூர்ப் பழையனின் வேம்பைச் சேரன் செங்குட்டுவன் வெட்டிய செய்தியைப் பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்து கூறுகிறது. மரம் வீழ்ந்தால் மானம் வீழ்ந்தது என்பதே அதன் பொருள். இம்மரபை அறிந்த நமக்கு, 1919இல் ஜேம்ஸ் குரூஸ் இயக்கிய இவ்வமெரிக்கப் பேசாப்படத்தின் கதை அந்நியமாகத் தோன்றாது.

பீட்டர் பி. கைன் 1918இல் வெளியிட்ட புதினமே இதன் மூலம். களம், வடகலிபோர்னியாவின் ரெட்வுட் காடு. முதியவர் கார்டிகனின் மரத்தொழிலை, இரயில்பாதையைக் கையில் வைத்திருக்கும் பென்னிங்டன் நசுக்க முயல்கிறான். கார்டிகனின் மனைவி அடக்கம் செய்யப்பட்ட தோப்பிலேயே அவனது ஆட்கள் கோடரி வைக்கின்றனர். மகன் பிரைஸ் சினந்தெழுகிறான். ஆயினும் அவன் காதலிப்பதோ பகைவனின் உறவுப்பெண்ணை. வஞ்சமும் காதலும் மோதும் இவ்விடமே கதையின் உயிர்நிலை.

எனினும் ஒரு முரணை நாம் சுட்டியாக வேண்டும். பிரைஸின் பழிவாங்கல், போட்டி இரயில்பாதை அமைப்பதாகும். அப்பாதை மேலும் மரங்களைச் சுமந்து செல்வதற்கே. தாயின் தோப்பு புனிதம். ஏனைய காடு சரக்கு. காவல்மரம் ஒரு குடியின் பொதுமானம். இங்கோ அது ஒரு குடும்பத்தின் துயரம் மட்டுமே.

ஆயினும் இவ்வுணர்வை எளிதில் தள்ளிவிடவும் இயலாது. ரெட்வுட் பாதுகாப்புச் சங்கம் தோன்றியதும் 1918இல்தான். அது 1921இல் காத்த முதல் தோப்பும் போரில் மாண்ட ஒருவரின் நினைவுத் தோப்பே. தொன்மைக் காட்டில் ஏறத்தாழ 5 விழுக்காடே இன்று எஞ்சியுள்ளது. தனிமனித நினைவு காத்தது கொஞ்சம். அது காவாதது மிகுதி.

படத்தின் விலையை மனிதரும் செலுத்தினர். படப்பிடிப்புக் காலத்து இரயில் விபத்தில் காயமுற்ற நாயகன் வாலஸ் ரீட், வலிதீர அளிக்கப்பட்ட மார்பினுக்கு அடிமையாகி 1923இல் தம் 31ஆம் வயதில் மறைந்தார். பகைவனின் கோடரியைக் கண்டிக்கும் இக்கதை, நாயகனின் கோடரியைக் கண்டுகொள்வதில்லை. மாணாக்கர்க்குக் காவல்மரப் பாடல்களைக் கற்பிக்கும் நாம் எழுப்ப வேண்டிய வினாவும் இதுவே: எந்த மரம் காவலுக்குரியது, அதனை முடிவு செய்பவர் யார்?