இரண்டு பேய்களும் எழுபது வேளாளரும்

'நீலிக் கண்ணீர்' நம்மிடம் வெகு சாதாரணமாகப் புழங்குகிற வசவு. பஞ்சாயத்தில் ஒரு பெண் அழ ஆரம்பித்தால் போதும், கூட்டத்தில் யாராவது ஒருத்தர் 'இந்த நீலிக் கண்ணீரெல்லாம் இங்க வேணாம்' என்பார். பிராது இன்னும் முழுசாகச் சொல்லப்படவில்லை, தீர்ப்பு வந்துவிட்டது. ஒரு பேய்க்கதை இப்படி ஒரு சாட்சிய விதியாகச் சுருங்கி நம் வாய்க்குள் உட்கார்ந்திருக்கிறது.

கதை தெரிந்ததுதான். சென்னை - அரக்கோணம் ரயில் பாதையில் வரும் திருவாலங்காடும் அதை ஒட்டிய பழையனூரும் களம். காசிக்குப் போன காஞ்சிபுரத்துப் பிராமணன், ஊரில் மனைவி இருப்பதை மறைத்து அங்கே இன்னொருத்தியைக் கட்டிக்கொள்கிறான். கூட்டிக்கொண்டு திரும்பும் வழியில், குட்டு வெளிப்பட்டுவிடுமே என்று ஆலங்காட்டில் வைத்து அவளைக் கொன்றுபோடுகிறான். அடுத்த பிறவியில் அவன் வணிகன், அவள் நீலி என்னும் பேய். கள்ளிக் கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, 'இவன் எம் புருஷன், என்னை விட்டுட்டு ஓடறான்' என்று பழையனூர் வேளாளர் எழுபது பேர் முன்னால் அழுகிறாள். குழந்தை 'அப்பா' என்று அவனிடம் தாவுகிறது. 'இவள் பேய், என்னைக் கொல்ல வந்தவள்' என்கிறான் அவன். உன் உயிருக்கு ஏதாவது ஆனால் எங்கள் உயிரைத் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்து இருவரையும் ஓர் அறைக்குள் அனுப்புகிறார்கள். விடிந்தால் வணிகன் பிணம். எழுபது பேரும் தீப்பாய்கிறார்கள். பாடத்துக்குப் பாடம் பெயரும் சாதியும் மாறும், எலும்புக்கூடு இதுதான்.

இதில் நீலி சொன்னது பொய்யா? அவன் அவளுடைய புருஷன்தான், முந்தின பிறவியில். விட்டுவிட்டுப் போனவன்தான், பிணமாக்கிவிட்டு. ஏழையின் பட்டினிக்கும் சாதியின் ஏற்றத்தாழ்வுக்கும் பூர்வஜென்மத்தைத் தாராளமாகச் சாட்சிக்குக் கூப்பிடுகிற ஒரு சமூகம், ஒரு கொலைக் கேசில் மட்டும் அதைச் செல்லாது என்று தள்ளிவிடுகிறது. ஆகவேதான் அவள் இந்தப் பிறவியின் மொழியில், தாலி, புருஷன், பிள்ளை என்று பேச வேண்டியிருக்கிறது. அப்படிப் பேசினால்தான் சபைக்குக் காது கேட்கும்.

கேட்கவும் செய்தது என்பதுதான் விசேஷம். அவளை ஒரு சபை நம்பிவிட்டது. நம்பியதற்குக் கதை கொடுக்கிற தண்டனை எழுபது சாவு. கண்ணகி வழக்கிலும் தவறாகத் தீர்ப்புச் சொன்னவன் செத்தான், தீ வந்தது. ஆனால் அங்கே பாண்டியன் செத்தது பொற்கொல்லன் சொல்லை நம்பி, விசாரிக்காமல் கொலைத்தண்டனை கொடுத்ததற்கு. இங்கே வேளாளர் செத்தது பெண்ணை நம்பியதற்கு. இந்த இரண்டு படிப்பினையில் பஞ்சாயத்து எதைப் பொறுக்கி வைத்துக்கொண்டது என்பதை 'நீலிக் கண்ணீர்' சொல்லிவிடுகிறது.

சைவப் பிரதிகள் இதைக் கையாளும் விதத்தைப் பாருங்கள். சம்பந்தரின் ஆலங்காட்டுப் பதிகத்தில் நீலி பெயரில்லாத 'ஒருத்தி'. வஞ்சகமாக உயிர் வாங்கியவள், அவ்வளவுதான். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் திருக்குறிப்புத் தொண்டர் புராணத்தில் தொண்டை நாட்டின் பெருமையாகப் பழையனூரைச் சொல்லும்போது அந்த ஒருத்தியும் காணாமல் போகிறாள். தங்கள் உயிரையும் வணிகனுக்குக் கொடுத்த சொல்லையும் தராசில் வைத்துப் பார்த்துச் சொல்லைக் காத்தவர்கள் என்று மட்டும் பாடுகிறார். ஆண்களுக்கு ஆண்கள் கொடுத்த வாக்கு, ஆண்களே நிறைவேற்றினார்கள். சேக்கிழாரும் வேளாளர் என்பதை இங்கே ஞாபகப்படுத்தினால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். பழையனூரில் தீப்பாய்ந்த மண்டபம் இருக்கிறது. எதிரே ஈசனுக்குச் சாட்சிபூதேஸ்வரர் என்று பெயர். ஆலங்காட்டில் நடந்த முதல் கொலைக்கு அப்படியொரு சாட்சி அமையவில்லை.

இனி இடம். ஆலங்காடு முதலில் சுடுகாடு. தமிழில் காடு என்றாலே பாதி அதுதான். 'காட்டுக்குக் கொண்டுபோயாச்சா' என்று சாவு வீட்டில் கேட்கிறோமே. காரைக்கால் அம்மையாரின் மூத்த திருப்பதிகங்கள் பாடுவது இந்தக் காட்டை. வற்றிய முலையும் குழிந்த கண்ணுமாகப் பேய்மகள் திரிகிறாள். கள்ளிக் கவட்டில் காலை நீட்டி, கொள்ளியை எடுத்து மசித்து மையாக்கிக்கொள்கிறாள். பாடியவரும் தன்னைக் காரைக்கால் பேய் என்றே சொல்லிக்கொள்கிறார். பேயை வெளியே நின்று வர்ணிக்காமல் பேயாகவே நின்று பாடிய குரல் தமிழில் வேறு உண்டா என்று எனக்குச் சந்தேகம்தான்.

ஆக ஒரே காட்டில் இரண்டு பெண் பேய்கள். வாழ்க்கை வரலாறும் ஏறக்குறைய ஒன்றே. புனிதவதியின் கணவன் பரமதத்தனும் வணிகன். அவனும் சொல்லாமல் போய்ப் பாண்டிநாட்டில் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டவன். புனிதவதி பிராது கொடுக்கவில்லை. இவனுக்காகச் சுமந்த சதை இனி வேண்டாம் என்று உதறிப் பேயுருக் கேட்டு வாங்கினாள். அவள் தலையால் நடந்த தலம் என்று ஆலங்காட்டில் கால் வைக்கக் கூசிய சம்பந்தர், பழையனூரிலேயே தங்கினார் என்கிறது பெரியபுராணம். நீலி வழக்கோடு வந்தாள், ராட்சசியானாள். போதாக்குறைக்கு, ஈசனோடு ஆடி, கால் தூக்க நாணித் தோற்ற காளியும் இதே ஆலங்காட்டில்தான். தோற்றவளுக்குச் சன்னிதி உண்டு, உதறியவளுக்குத் திருவடி உண்டு.

சமணர்கள் இன்னொன்று செய்தார்கள். 'நீலகேசி'யில் இதே பழையனூர் நீலி, முனிச்சந்திரர் என்ற முனிவரைப் பயமுறுத்தப் போய், அவரிடம் உபதேசம் பெற்றுச் சபை சபையாக ஏறிப் பௌத்தம், ஆசீவகம், சாங்கியம், வேதம் என்று எல்லாவற்றையும் வாதத்தில் ஜெயிக்கிறாள். 1936இல் அ.சக்கரவர்த்தி உரையோடு பதிப்பித்த பிறகும் நம் தமிழ் வகுப்புகளில் இது ஐஞ்சிறுகாப்பியப் பட்டியலில் ஒரு பெயர், தேர்வுக்கு ஒரு மார்க். பேய்க்கு நாக்குக் கொடுத்தது பெரிய காரியம்தான். ஆனால் விலை? கொல்லாமை. உலகத்தின் வழக்கையெல்லாம் பேசுகிறவள் தன்னைக் கொன்றவன் மேல் இருந்த வழக்கைப் பேசுவதில்லை.

பேசுவது தெற்கே, வில்லுப்பாட்டில். கன்னியாகுமரிப் பக்கம் பாடப்படும் நீலி கதையில் செத்தவள் ஒரு தாசி. நகைக்கு ஆசைப்பட்ட பிராமணக் காதலன், தூங்குகிறவள் தலையில் கல்லைப் போடுகிறான். அங்கே எழுபது பேரும் இவ்வளவு சுத்தமானவர்கள் இல்லை. மறுபிறவியில் அவளோடு பிறந்த அண்ணனின் சாவில் அவர்களுக்கும் பங்கு உண்டு. கொலை நடந்த காட்டில் ஆளில்லை, இருந்தது ஒரு கள்ளிச்செடிதான். உயிர் போகும்போது அவள் அதைப் பார்த்து, நீதான் சாட்சி என்று சொல்லிவிட்டுச் சாகிறாள்.

வடக்கத்திப் பாடத்தில் மாயக் குழந்தை, ஏமாற்று வித்தை என்று நாம் படித்துக்கொண்டிருந்தது இதைத்தான். நீலி சபைக்கு இடுப்பில் சுமந்து வந்தது கொலையைக் கண்ணால் பார்த்த ஒரே சாட்சியை. எழுபது பேரும் அதைப் பிள்ளை என்றே பார்த்தார்கள்.