சேடர் மேசையில் இயேசுவைத் தேடுவது

பெரிய வியாழன் நெருங்கினாலே யூடியூபில் ஒரு வகைப் பிரசங்கம் வந்துவிடும். மேசையில் மூன்று மட்ஸா, அதாவது யூதர்கள் பஸ்காவுக்குச் சாப்பிடும் புளிப்பில்லாத அப்பம். பிரசங்கியார் நடு அப்பத்தை உடைத்து, ஒரு பாதியை வெள்ளைத் துணியில் சுற்றி ஒளித்து வைப்பார். மூன்று அப்பம்தான் திரித்துவமாம். நடுவில் இருப்பவர் உடைக்கப்பட்டு, அடக்கம் பண்ணப்பட்டு, பிறகு வெளியே வருகிறாராம். யூதர்கள் வருஷா வருஷம் இதைச் செய்தாலும் அவர்களுக்கே அர்த்தம் புரியவில்லை என்று முடிப்பார்.

முதல் தடவை பார்த்தபோது எனக்கும் சிலிர்த்தது, பொய் சொல்லவில்லை. அப்புறம் மிஷ்னாவைத் திறந்தேன்.

மிஷ்னா கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்டது. அதில் பெசாகிம் பகுதியின் 10ஆம் அதிகாரம் பஸ்கா இரவைச் சொல்கிறது. நான்கு கிண்ணம் திராட்சரசம், பிள்ளை கேட்கும் கேள்விகள், கசப்புக் கீரை எல்லாம் இருக்கு. மூன்று அப்பம் இல்லை. உடைத்து ஒளிப்பதும் இல்லை. ஒளித்து வைக்கும் பாதிக்கு இன்றைக்குப் பெயர் அஃபிகோமன். அந்தச் சொல் மிஷ்னாவில் வருகிறது, ஆனால் பஸ்காவைச் சாப்பிட்டபின் செய்யக்கூடாத ஒன்றாக! விருந்துக்குப் பிறகு நடக்கும் கேளிக்கையைக் குறித்த கிரேக்கச் சொல் அது என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. ஒளிக்கும் வழக்கம் எவ்வளவோ காலம் கழித்து வந்தது. மட்ஸாவின் நேர் வரிசைத் துளைகளைச் சவுக்கடித் தழும்பு என்கிறார்களே, அந்த ஒழுங்கு 19ஆம் நூற்றாண்டில் வந்த இயந்திரத்தின் வேலை.

கி.பி. 70இல் ரோமர்கள் எருசலேம் ஆலயத்தை அழித்தார்கள். அதுவரை பண்டிகையின் நடுவில் இருந்தது ஆட்டுக்குட்டி. பலியிட இடமே இல்லை என்றான பிறகு, அப்பமும் கிண்ணமும் கதை சொல்லலும் அதன் இடத்துக்கு வந்தன. இன்றைய சேடர் என்ற வீட்டு விருந்தின் அமைப்பு இந்த இழப்பிலிருந்து வளர்ந்தது. அதை வைத்து இயேசுவின் கடைசி இராப்போஜனத்தை விளக்குவது, பேரன் போட்டிருக்கும் சட்டையைத் தாத்தாதான் தைத்துப் போட்டிருந்தார் என்று சொல்வது மாதிரி.

அந்த இராப்போஜனம் பஸ்கா விருந்துதானா என்பதிலேயே சுவிசேஷங்கள் ஒத்துப்போகவில்லை. மாற்கு 14இல் அது பஸ்கா விருந்து. யோவான் 18இல் இயேசுவைப் பிலாத்துவிடம் கொண்டுபோகிறவர்கள் இன்னும் பஸ்காவைச் சாப்பிடவில்லை. தீட்டுப்படக் கூடாதென்று வெளியே நிற்கிறார்கள். ஒரு நாள் வித்தியாசம். யோவானுக்கு இயேசு பஸ்காவைச் சாப்பிடுகிறவர் அல்ல, அவரே ஆட்டுக்குட்டி. அதனால்தான் அவர் எலும்பு முறிக்கப்படவில்லை என்பதைக் குறிப்பாகச் சொல்கிறார். பஸ்கா ஆட்டின் எலும்பை முறிக்கக்கூடாது என்பது யாத்திராகமம் 12இன் சட்டம். சுவிசேஷங்களுக்கும் முன்பே எழுதிய பவுல், 1 கொரிந்தியர் 5இல் கிறிஸ்துவை நம் பஸ்கா என்று சொல்லி, பழைய புளித்தமாவைத் தூக்கிப் போடச் சொல்கிறார். விளக்கம் எதுவும் தரவில்லை. கேட்டவர்களுக்குப் புரியும் என்ற நம்பிக்கை! தோரா கிறிஸ்தவத்துக்குள் உண்மையில் வேலை செய்யும் இடம் இதுதான். துணியில் சுற்றிய அப்பம் இதற்குத் தேவையே இல்லை.

பெந்தெகொஸ்தேயும் அப்படித்தான். லேவியராகமம் 23இல் அது அறுவடைப் பண்டிகை. இயேசுவுக்கு முன்பே எழுதப்பட்ட யூபிலி நூல் அதை உடன்படிக்கையோடு இணைக்கிறது. எனவே அப்போஸ்தலர் 2இன் நெருப்பில் சீனாய் மலையைப் பார்ப்பதற்கு இடமிருக்கு.

சரி, இவ்வளவு நுணுக்கம் எதுக்கு, பக்தியாகச் செய்கிறார்கள், விட்டுவிடலாமே என்று தோன்றலாம். எனக்கு உறுத்துவது அந்தக் கடைசி வரி. அதற்கு நீண்ட வரலாறு இருக்கு. 2ஆம் நூற்றாண்டில் சர்தை ஊர் மெலித்தோ பஸ்கா பற்றி ஓர் உரை எழுதினார். யாத்திராகமம் 12ஐ அவ்வளவு அழகாகக் கிறிஸ்துவுக்குப் பொருத்துகிறவர், அதே மூச்சில் இஸ்ரவேல் கடவுளைக் கொன்றது என்று குற்றம் சாட்டுகிறார். இத்தனைக்கும் அவர் யூதர்களைப் போலவே நிசான் 14இல் பஸ்கா கொண்டாடியவர்! 325இல் நிசேயா சங்கம் ஈஸ்டர் தேதியை யூதர்களின் கணக்கிலிருந்து பிரித்தது. யூதர்களோடு பொதுவாக எதுவும் வேண்டாம் என்ற தொனி, கான்ஸ்டன்டைன் பெயரில் யூசேபியஸ் பதிந்த கடிதத்தில் வெளிப்படையாகவே இருக்கு. 1475இல் இத்தாலியின் திரெந்து நகரில், பஸ்கா சடங்குக்காகச் சிமோன் என்ற குழந்தையைக் கொன்று இரத்தம் எடுத்தார்கள் என்று யூதர்கள் மேல் பழி போட்டு, சித்திரவதை செய்து கொன்றார்கள். அந்தக் குழந்தைக்கு நடந்துவந்த வணக்கத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை 1965இல்தான் நிறுத்தியது.

பிரசங்கியாருக்கு யூதர்கள் மேல் வெறுப்பு இல்லை, பிரியம்தான் என்பது தெரிகிறது. ஆனால் உங்கள் பண்டிகை உங்களுக்கே புரியவில்லை என்று சொல்வது அந்தப் பழைய வாக்கியத்தின் கொஞ்சம் இனிப்பான வடிவம்.

பெரிய வியாழன் திருப்பலியின் முதல் வாசகம் யாத்திராகமம் 12. பாஸ்கா திருவிழிப்பில் செங்கடலைக் கடக்கும் 14ஆம் அதிகாரத்தை விடவே கூடாது என்பது விதி. சேடர்தான் பார்க்கணும் என்றால், கூப்பிடுகிற யூத வீட்டில் விருந்தாளியாக உட்காரலாம். ஒளித்து வைத்த அந்தப் பாதி அப்பத்தைப் பல வீடுகளில் தேடுவது குழந்தைகள். கண்டுபிடித்தால் பரிசு உண்டு.