ஒலிம்பஸ் பென்: ஒரு ரோலில் 72

ஜப்பானில் 1959இல் வெளிவந்த ஒலிம்பஸ் பென் கேமராவை வடிவமைத்தவர் யோஷிஹிசா மைத்தானி. ஒரு படத்துக்கான ஃபிலிமில் இரண்டு படங்கள் விழும்படி செய்தார்; இதுதான் ஹாஃப் ஃபிரேம். 36 படச் சுருளில் 72 எடுக்கலாம்.

ஆனால் எனக்கு உயிர், 1961இல் வந்த பென் ஈஈதான். லென்ஸைச் சுற்றித் தேன்கூடு போலப் பளபளக்கும் செலினியம் வளையம் வெளிச்சத்தை அளந்துவிடும், பேட்டரியே வேண்டாம். வெளிச்சம் போதாத இடத்தில் அழுத்தினால் வியூஃபைண்டரில் சிவப்புக் கொடி எழும்பும், ஷட்டர் அசையாது. வீணாகப் போகவிருந்த ஃபிலிமைக் காப்பாற்றும் அந்தப் பிடிவாதம் எவ்வளவு அழகு!

கேமராவைச் சாதாரணமாகப் பிடித்தாலே படம் நெட்டுக்குத்தாக விழும், செல்போனில் எடுப்பதைப் போலவே. அதனால் போனில் பழகிய கைகளுக்கு முதல் ஃபிலிம் கேமராவாக இதையே சொல்வேன். பெரிய பிரிண்டில் துகள் தெரியத்தான் செய்யும். ஆல்பத்தில் ஒட்டும் அளவுக்கு அது குறையே அல்ல. 2024இல் பென்டாக்ஸ் 17, இதே ஹாஃப் ஃபிரேமோடு புதிதாக வந்திருக்கிறது.