இரவல் குரல்

திண்டிவனத்தில் இருக்கும் என் நண்பன் ராத்திரி பதினோரு மணிக்கு மேல்தான் வேலையை ஆரம்பிப்பான். மாடியில் சின்ன அறை. ஜன்னலை அடைத்து ஒரு மெத்தை, சுவரெல்லாம் போர்வை, நடுவில் மைக். ஃபேன் ஓடினால் சத்தம் பதிவாகும் என்று அதையும் நிறுத்திவிடுவான். மே மாதத்தில் பனியன் நனைய உட்கார்ந்துகொண்டு ‘குளுகுளு ஏசி ஷோரூம்’ என்று விழுப்புரம் ஜவுளிக்கடை ஒன்றுக்காகச் சிரித்தபடி பேசுவான். சிரிக்காமல் பேசினால் குரலே காட்டிக்கொடுத்துவிடுமாம். இது போக யூடியூப் கதைகள், எப்போதாவது ஒரு டப்பிங் சீரியலில் இன்ஸ்பெக்டர் வேஷம். இன்ஜினியரிங் ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்தோம். நான் கோடு எழுதப் போனேன், அவன் இதற்கு வந்துவிட்டான்.

படங்களைக் காதாலும் பார்க்கலாம் என்பதை நான் கற்றுக்கொண்டது இவனிடம்தான். நம் சினிமா விமர்சனம் ஒளியைப் பற்றி மூன்று பத்தி எழுதும். குரலைப் பற்றி எழுதுவது ஒரே வரி: ‘டப்பிங் ஒட்டவில்லை.’ ஒட்டிவிட்டால் அந்த ஒரு வரியும் கிடையாது. போதாததற்கு ‘இரவல் குரல்’ என்று ஒரு சொல் வேறு வைத்திருக்கிறோம். இரவல் என்றால் திருப்பிக் கொடுக்க வேண்டாமா?

‘மணிச்சித்திரத்தாழ்’ (1993) படத்தை எடுத்துக்கொள்வோம். ஷோபனாவுக்குத் தேசிய விருது கிடைத்த படம். கங்காவுக்குக் குரல் கொடுத்தவர் பாக்யலட்சுமி. தமிழ் பேசும் நாகவல்லிக்கும் அவரே பேசினார் என்றுதான் பல வருடங்கள் எல்லோரும் நம்பினார்கள். 2016-இல்தான் இயக்குநர் ஃபாசில் ஒரு மலையாள வார இதழில் விஷயத்தைச் சொன்னார். நாகவல்லிக்கு முதலில் பாக்யலட்சுமிதான் பேசியிருக்கிறார். இரண்டு குரலும் ஒன்றுபோல இருக்கிறதே என்று படக்குழுவில் சிலருக்குத் தோன்ற, துர்கா என்ற தமிழ் டப்பிங் கலைஞரைப் பேசவைத்து மாற்றியிருக்கிறார்கள். அதை பாக்யலட்சுமியிடம் சொல்ல மறந்துவிட்டார்கள். இருபத்து மூன்று வருட மறதி.

இதை வெறும் பெயர் போடாத குறையாகப் பார்த்தால் போதாது என்று நினைக்கிறேன். இது நம் ரசனையின் குறையும்கூட. கட்டிலைத் தூக்கும் அந்தக் காட்சியை மறுபடி பாருங்கள், இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டு. மலையாளத்தில் மனைவியாகத் தொடங்கும் கோபம் தமிழில் தாசியின் பழிவெறியாக முடிகிறது. ஷோபனாவின் கண்ணும் கழுத்து நரம்பும் செய்வதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஓர் உடம்புக்குள் இன்னொருத்தி இருக்கிறாள் என்று நம்மை நம்பவைப்பதில் பாதி வேலை அந்த இரண்டாவது தொண்டையுடையது. அந்தப் படத்தின் கருவே அதுதானே! அந்த உத்தியை ஒலிக்கூடத்தில் நிஜமாகச் செய்தவர் துர்கா. இத்தனை வருடம் பார்த்தும் இது வேறு குரல் என்று நம் காதுக்கு உறைக்கவில்லை. அவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறார், அதனாலேயே காணாமல் போனார்.

டப்பிங்கில் நடிப்பு எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. ‘ப’, ‘ம’ சொல்லும்போது உதடு மூடியாக வேண்டும். திரையில் இருப்பவர் மூடவில்லை என்றால் சொல்லை மாற்ற வேண்டும். வேறொருவர் எடுத்த மூச்சில், அவர் விட்ட இடைவெளிக்குள், அழவும் வேண்டும். தளை தட்டாமல் வெண்பா எழுதுகிறவனை நாம் புலவன் என்கிறோம்.

விழுப்புரம் வழியாகப் போகும்போதெல்லாம் எனக்குச் சிவாஜி நினைவு வரும். 1928-இல் அங்கே பிறந்தவர். ‘பராசக்தி’க்கு (1952) ஒரு வருடம் முன்பே அவருடைய குரல் சினிமாவுக்கு வந்துவிட்டது. ‘நிரபராதி’யில் தெலுங்கு நடிகர் முக்காமலாவுக்குத் தமிழில் பேசியது அவர்தான். ‘அமராவதி’யில் (1993) அஜித்துக்குப் பேசியது விக்ரம். இதெல்லாம் நமக்கு ஏன் தெரிகிறது? அந்தத் தொண்டைகளுக்குப் பின்னால் முகம் கிடைத்தது, அதனால் தெரிகிறது. முகம் கிடைக்காதவர்களுக்கு இருபத்து மூன்று வருடம்.

போன மாதம் நண்பன் ஓர் ஒப்பந்தத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். “படிச்சுச் சொல்லு மச்சான்.” பத்து மணி நேரம் வாக்கியங்களைப் படித்துக் கொடுத்தால் போதும், பணம் ஒரே தடவையில் வந்துவிடும். அந்தப் பதிவை எந்தத் தொழில்நுட்பத்துக்கும், எல்லாக் காலத்துக்கும் பயன்படுத்தலாம் என்று நாலாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. 2024-இல் ‘லால் சலாம்’ பாட்டுக்காக பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் செயற்கை நுண்ணறிவால் மீட்டெடுத்தபோது, குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி ஊதியமும் கொடுத்ததாக ரஹ்மான் சொன்னார். அவர்களுக்குப் பெயர் இருந்தது, அதனால் கேட்க ஆள் இருந்தது. ஜவுளிக்கடைக் குரலுக்கு யாரிடம் கேட்பது?

இதில் நான் நியாயம் பேசவும் முடியாது. முன்பு நான் வேலை பார்த்த ஒரு ப்ராஜெக்டில் வாடிக்கையாளர் சேவைத் தொலைபேசியில் ஒரு பெண்ணின் குரல் இருந்தது. அதை எடுத்துவிட்டு இயந்திரக் குரலைப் போட்ட குழுவில் நானும் இருந்தேன். அந்தப் பெண்ணின் பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது. ஃபோல்டரில் அவர் ‘ஃபீமேல் 01’.

“கையெழுத்து போடாதடா” என்றேன்.

“பொண்ணுக்கு ஸ்கூல் ஃபீஸ் நீ கட்டுவியா?” என்றான். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நான் பேச்சை மாற்றினேன்.

அந்த வாரக் கடைசியில் திண்டிவனம் போயிருந்தேன். ஒப்பந்தம் பற்றி அவன் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஹெட்போனை என் தலையில் மாட்டி ஓர் இன்ஸ்பெக்டர் வசனத்தின் இரண்டு டேக்குகளைப் போட்டுக் காட்டினான். எது நல்லா இருக்கு என்று கேட்டான். எனக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்டது.

“விமர்சனம்லாம் எழுதற, இது கேக்கலையா?” என்றான். முதல் டேக்கில் இன்ஸ்பெக்டருக்கு எதிராளி மேல் பயம் இருக்கிறதாம், இரண்டாவதில் இல்லையாம்.

ஃபேனை மறுபடி நிறுத்திவிட்டு முதலிலிருந்து போட்டான்.