புறவும் புறம்போக்கும்

செம்பூர், திலக் நகர்ப் பகுதியில் வாழும் நம் பிள்ளைகளில் பலர் ஆங்கிலவழிப் பள்ளிகளில் பயில்கிறார்கள். ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்' நாடகத்தில் சூனியக்காரிகள் மூவரும் மேக்பெத்தைச் சந்திக்கும் இடத்திற்கு 'ஹீத்' என்று பெயர். தாமஸ் ஹார்டி 1878-இல் எழுதிய 'தி ரிட்டர்ன் ஆஃப் தி நேட்டிவ்' நாவலில் 'எக்டன் ஹீத்' ஒரு கதாபாத்திரமாகவே நிற்கிறது. "அப்பா, ஹீத்னா தமிழ்ல என்ன?" என்று பிள்ளை கேட்டால் நம்மில் பெரும்பாலோர் 'தரிசு' என்போம். சற்றுப் படித்தவர் 'பாழ்நிலம்' என்பார். இலக்கியம் அறிந்தவர் 'பாலை' என்பார். இவற்றில் எது பொருந்தும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். கேள்வி சிறிதுதான், ஆனால் விடை நம்மையே தொடுகிறது.

ஒரு சொல், இரு பொருள்

ஆங்கிலத்தில் 'ஹீத்' என்பது உழவு படாத, மரம் அடராத, குறுஞ்செடிகள் நிறைந்த திறந்தவெளி. அந்நிலத்தில் வளரும் ஊதாப்பூச் செடிகளுக்கும் அதே பெயர்தான். நிலமும் செடியும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன.

தமிழருக்கு இது புதிதல்ல. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்ற ஐந்தும் செடி, கொடி, மரங்களின் பெயர்கள்; அவையே நிலத்துக்கும் ஒழுக்கத்துக்கும் பெயராயின. எனவே 'ஹீத்' என்ற சொல்லுக்கு நேரான தமிழைத் தேடும்போது, செடியை உள்ளடக்கிய சொல்லைத்தான் தேடவேண்டும். இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு மேலே சொன்ன விடைகளை நோக்குவோம்.

'தரிசு' என்பது உழவன் பார்வையில் பிறந்த சொல். கலப்பை படாத நிலம் என்பதற்கு மேல் அது எதுவும் சொல்வதில்லை. அங்கே ஆவாரை பூத்திருக்கிறதா, இலந்தை பழுத்திருக்கிறதா என்பது அதற்குத் தேவையில்லை. 'பாழ்' என்றால் முன்பு ஏதோ இருந்து அழிந்தது என்று பொருள்படும். பாழ்வீடு, பாழுங்கிணறு என்கிறோம் அல்லவா? எலியட் 1922-இல் வெளியிட்ட 'தி வேஸ்ட் லேண்ட்' கவிதைக்குப் 'பாழ்நிலம்' மிகப் பொருத்தம். ஏனெனில் அது அழிவைப் பற்றியது. 'ஹீத்' அழிந்த நிலமன்று; அதன் இயல்பே அதுதான். 'பொட்டல்' என்றால் செடியே இல்லாத வெளி; அதுவும் ஆகாது.

'பாலை'யும் பொருந்தாது. தொல்காப்பியர் பாலைக்குத் தனி நிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்து தம் இயல்பு கெடும்போது பாலையாகும் என்று சிலப்பதிகாரக் காடுகாண் காதை விளக்குகிறது. ஆகவே பாலை என்பது நிலத்தின் ஒரு நிலைமை. மழை வந்தால் அது மாறிவிடும்.

புறவு

சங்க இலக்கியத்தில் வழங்கும் 'புறவு' என்ற சொல் நமக்கு இங்கே கைகொடுக்கிறது. புறாவுக்கும் அப்பெயர் உண்டு. ஆயினும் நிலத்தைக் குறிக்கையில் அது காட்டையும் முல்லை நிலத்தையும் குறிக்கும். மலைக்கும் வயலுக்கும் இடைப்பட்ட வெளி. ஆயர் மாடு மேய்த்த நிலம். வரகும் சாமையும் விளைந்த புன்செய்க்கு அண்டை. முல்லை, பிடவு, தளவு, தோன்றி, காயா, குருந்து, கொன்றை ஆகியவை அதன் பூக்கள். 'முல்லை' என்ற சொல் இன்று பூக்கடைப் பூவாகச் சுருங்கிவிட்டபடியால், நிலத்தைச் சுட்டப் 'புறவு' என்பதே தெளிவாக இருக்கும்.

"ஸ்காட்லாந்துக் குளிர் எங்கே, நம்ம ஊர் வெயில் எங்கே?" என்று அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். செடிகள் வேறு, பருவம் வேறு. ஆனால் வளங்குறைந்த மண், குறும்புதர், மேய்ச்சல், ஊருக்கு வெளியே இருத்தல் ஆகிய நான்கும் இரண்டிலும் ஒன்றே. மொழிபெயர்ப்புக்கு இவ்வளவு ஒப்புமை போதும்.

இந்தப் புறவைக் காண மதுரைக்கோ நெல்லைக்கோ போகவேண்டியதில்லை. காயா என்று பொதுவாக அடையாளம் காட்டப்படும் செடி, திருமாலின் நிறத்துக்கு உவமையானது, மாத்தேரான் மலையில் நீலமாகப் பூத்து நிற்கிறது. மராட்டியர் அதை 'அஞ்சனி' என்பர். மே மாதம் மும்பைத் தெருக்களில் கூறுகட்டி விற்கும் 'கர்வந்த்' நம்முடைய களாப்பழமே. சனிக்கிழமை மாருதிக்குச் சாத்தும் 'ருயி' இலை, நம் பிள்ளையாருக்கு மாலையாகும் எருக்கின் இலைதான்.

இன்னும் ஒன்று. திருநெல்வேலிச் சீமையில் "அம்மா எங்கே?" என்றால் "காட்டுக்குப் போயிருக்கா" என்பார்கள். அங்கே காடு என்றால் புலி உறையும் வனமன்று, புன்செய்! மராட்டியிலும் 'ரான்' என்றால் காடு, அதுவே வயலும் கூட. விளைநிலத்தையும் புதரையும் ஒரே சொல்லால் அழைத்தவர்கள் புதரை வீண் என்று எண்ணியிருக்க முடியாது. கொங்கு நாட்டுக் 'கொறங்காடு' இதற்குச் சான்று. கிளுவை வேலி, நடுநடுவே வெள்வேல மரம், தரையில் கொழுக்கட்டைப்புல் என்று அமைந்த அம்மேய்ச்சல் நிலமே காங்கேயம் மாட்டினத்தை வளர்த்தது.

புறவு எப்படிப் புறம்போக்காயிற்று?

ஆங்கிலேயர் ஆட்சியில் நிலத்தை வரியால் அளந்தார்கள். வரி தராத நிலம் ஆங்கிலத்தில் 'வேஸ்ட்' ஆயிற்று. நம் கிராமக் கணக்கில் 'தீர்வை ஏற்பட்ட தரிசு', 'தீர்வை ஏற்படாத தரிசு' என இரு வகை உண்டு. மேய்க்கால், களம், ஓடை, ஏரி, சுடுகாடு, வண்டிப்பாதை போன்றவை 'புறம்போக்கு' எனத் தனியே நிற்கும். தனியார் பட்டாவுக்குப் புறத்தே, பொதுப்பயனுக்கென விடப்பட்டது என்பதே அதன் பொருள். எல்லோருக்கும் உரியது என்று நிற்கவேண்டிய சொல், ஒருவருக்கும் ஆகாதது என்று ஆகிவிட்டது.

சுதந்திரத்திற்குப் பின்னும் இந்தப் பார்வை மாறவில்லை. 1985-இல் தேசியத் தரிசுநில மேம்பாட்டு வாரியம் அமைந்தது. 2000 முதல் வெளிவரும் இந்தியத் தரிசுநில வரைபடத் தொகுதி, புதர் உள்ள நிலத்தையும் தரிசுக் கணக்கிலேயே சேர்க்கிறது. பெயர் 'தரிசு' என்றால் எதையும் கட்டலாம், எதையும் நடலாம் என்றாகிறது. விளைவைக் 'கானமயில்' சொல்லும். கானம் என்றால் காடு. மராட்டியில் அதன் பெயர் 'மாள்டோக்', மாள் என்றால் மேட்டுப் புல்வெளி. இரு மொழியிலும் நிலத்தின் பெயரையே சுமக்கும் பறவை. சோலாப்பூர் அருகே நான்னஜ்ஜில் 1979-இல் அதற்கெனச் சரணாலயம் ஏற்பட்டது. இன்று இயற்கை வெளியில் இந்தியா முழுவதும் இருநூறு பறவைகள்கூட இல்லை.

நிலத்தின் பெயர் மனிதனுக்கு வசையாவது எங்கும் நடந்திருக்கிறது. ஆங்கிலத்தில் 'ஹீதன்' என்ற இழிசொல் 'ஹீத்' நிலத்தில் வசிப்பவன் என்பதிலிருந்து பிறந்ததாகப் பல அகராதிகள் கூறும். நாமும் சளைத்தவர்களல்ல: காட்டான், பட்டிக்காட்டான், புறம்போக்கு! புறவிலும் புறம்போக்கிலும் ஒலிப்பது ஒரே 'புறம்' எனலாம். ஒன்றைக் கவிஞர் பாடினார். மற்றதை நாம் வசையாக்கினோம். 2017-இல் டி.எம். கிருஷ்ணா பாடிய 'சென்னை புறம்போக்குப் பாடல்' அச்சொல்லின் மானத்தை மீட்க முயன்றது.

மும்பைத் தமிழர் இதைச் சற்று நின்று எண்ணவேண்டும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்த நம் முன்னோடிகள் தாராவியின் சதுப்பு விளிம்பில் குடியேறினார்கள். அன்றைய நகரம் வேண்டாமென்று ஒதுக்கிய புறநிலம் அது. அதைத் திருத்தி, தொழிலும் கோயிலும் பள்ளியும் கண்டவர்களின் வாரிசுகள், கோபம் வந்தால் அடுத்தவரைப் 'புறம்போக்கு' என்று ஏசுவது தம் தாத்தாவையே ஏசுவதற்கு ஒப்பாகும்.

ஆகவே பிள்ளை கேட்டால் 'ஹீத்' என்பதற்குப் 'புறவு' என்றே சொல்லிக்கொடுப்போம். அடுத்த மே மாதம் கர்வந்த் வாங்கும்போது, "இது களாப்பழம், நம்ம ஊர்ப் புறவிலும் இருக்கு" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்வோம். சொல்லைச் சுவையோடு தந்தால் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.