வாசலில் நிற்கும் வினாத்தாள்

கணவனோடு சேர்ந்து வாழ ஒரு பெண் எத்தனை மதிப்பெண் எடுக்க வேண்டும்? ஜெர்மனியின் கணக்கில், நூற்றுக்கு 60.

2007 ஆகஸ்ட் முதல், அங்கு வாழும் துணையிடம் போக விசா கேட்பவர் தன் நாட்டிலேயே ஏ1 நிலை ஜெர்மன் தேர்வில் தேறியிருக்க வேண்டும். 'வாழ்க்கைத்துணை' என்று சட்டம் பொதுவாகச் சொன்னாலும், அப்படிப் போகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள். தேர்வாக மட்டும் பார்த்தால் குறை சொல்ல அதிகம் இல்லை: கேள்விகள் எளியவை, விதிகள் தெளிவானவை.

ஆனால் ஒரு தேர்வின் நியாயத்தை வினாத்தாளுக்குள் மட்டும் தேட முடியாது. 'தேர்வுகளின் அதிகாரம்' பற்றி 2001இல் நூல் எழுதிய எலானா ஷோஹமி கேட்கச் சொல்வது வேறு கேள்விகள்: இந்தத் தேர்வை யார், எதற்காக வைக்கிறார்கள்? தோற்றவருக்கு என்ன நேர்கிறது? வகுப்பில் தோற்றால் மறுபடி படிக்கலாம். இங்கே தோற்றால் குடும்பம் பிரிந்தே கிடக்கும்.

இந்தத் தேர்வு மொழியை மட்டும் அளக்கவும் இல்லை. கேட்டல் பகுதியில்கூட விடையைக் குறிக்க வினாத்தாளை வாசித்தாக வேண்டும். காதால் கேட்டே மொழி கற்கும் பெண், பள்ளிக்கு அனுப்பப்படாதவள் என்பதற்காகவே இங்கே தோற்கிறாள். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போய்த் தேர்வு எழுதும் பெண்ணுக்கோ சுமார் 400 கிலோமீட்டர் பயணம், தங்குமிடம், பயிற்சிக் கட்டணம் எல்லாமே தேர்வின் எழுதப்படாத பகுதிகள்.

அரசு சொன்ன காரணங்களில் முக்கியமானது, கட்டாயத் திருமணத்தைத் தடுப்பது. மொழி தெரிந்த பெண் உதவி கேட்க முடியும் என்பது உண்மைதான். புகுந்த நாட்டில் கணவனின் நாவை நம்பியே வாழ்வது எவ்வளவு ஆபத்து என்று நமக்குத் தெரியும். ஆனால் அது அவளுக்குக் கற்றுத்தரச் சொல்லும் நியாயமே ஒழிய, அவளைத் தடுத்து நிறுத்தச் சொல்லும் நியாயம் அல்ல. கட்டாயப்படுத்தப்பட்டவள் தேர்வில் தோற்றால் அந்தத் திருமணத்திலிருந்து விடுதலையா கிடைக்கிறது? மேலும் அமெரிக்கா, ஜப்பான், கனடா போன்ற நாடுகளின் குடிமக்களுடைய துணைக்கு இந்த நிபந்தனை இல்லை. ப்ளூ கார்டு வைத்திருக்கும் பொறியாளரின் மனைவிக்கும் இல்லை. உணவகத்தில் சமைப்பவரின் மனைவிக்கு உண்டு. கணவனின் பாஸ்போர்ட்டையும் சம்பளத்தையும் பார்த்து வரும் பாதுகாப்பை எப்படிப் பெண்ணுரிமை என்பது?

எழுதப் படிக்கத் தெரியாத துருக்கியப் பெண் ஒருவரின் வழக்கில், தனிச்சூழலைப் பாராமல் விசாவைத் தானாகவே மறுப்பது தேவைக்கு மிஞ்சியது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2014இல் சொன்னது. அடுத்த ஆண்டு, நெதர்லாந்தின் தேர்வு பற்றிய வழக்கில், தேர்வு வைக்கலாம், ஆனால் அது குடும்பம் சேர்வதை மிகையாகக் கடினமாக்கக் கூடாது என்றது. தேர்வுக்கும் பயிற்சித் தொகுப்புக்குமாக அங்கே வாங்கிய 460 யூரோவும் அந்தக் கண்டனத்தில் அடக்கம். ஜெர்மனியும் 2015இல், மொழி கற்க முயல்வதே இயலாதவர்களுக்கு விலக்கு சேர்த்தது. ஆனால் இயலாமையை நிரூபிக்கும் பாரம் அவள் தலையில்தான்.

இதில் கசப்பான வேடிக்கை ஒன்று உண்டு. ஜெர்மனிக்குள் 2005 முதல் ஒருங்கிணைப்பு வகுப்புகள் நடக்கின்றன. எழுத்தறியாதவர்களுக்குத் தனி வகுப்பே இருக்கிறது. யாருக்காக அந்த வகுப்பு திறந்திருக்கிறதோ, அவளைத்தான் வாசலில் நிற்கும் வினாத்தாள் திருப்பி அனுப்புகிறது.

மனிதத்தன்மையுள்ள தேர்வு என்றால் எளிய கேள்வி என்று பொருள் அல்ல. பேச்சையும் எழுத்தையும் தனித்தனியே மதிப்பது. அந்த மொழி தெருவிலும் கடையிலும் காதில் விழும் இடத்திற்கு அவள் வந்து சேர்ந்த பிறகு வைப்பது. தோற்றவளுக்கு இன்னொரு பாடம் தருவது. அங்கே தேர்வு ஆசிரியருக்குப் பயன்படும். இப்போது அது எல்லைக் காவலருக்குத்தான் பயன்படுகிறது.